அனுமதிக்கப்பட்ட பிழை

பிப்ரவரி 3, திங்கள்

செண்பகம் புதிதாக ஓர் எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வந்திருக்கிறாள். அடியில் ஒரு லிட்டர் என்று பொறித்திருக்கிறது. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற மருத்துவ விதிக்குப் பதினோர் ஆண்டுகளாக உட்பட்டவன் நான். பொறிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. அலுவலகத்தில் சரிபார்த்து முத்திரையிட்ட கண்ணாடி அளவியில் ஊற்றிப் பார்த்தேன். தொள்ளாயிரத்து நாற்பது மில்லிதான் கொள்கிறது.

நான் முத்திரை ஆய்வாளன். கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் அளவைகளையும் ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடுவது என் பணி. முற்றிலும் துல்லியமான அளவை உலகில் இல்லை என்பதைச் சட்டம் அறியும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. அதற்குள் இருந்தால் முத்திரை, மீறினால் பறிமுதல். தண்ணீர்ப் பாட்டில் சட்டத்தின் கீழ் அளவை ஆகாது. ஆயினும் என் வீட்டில் அது அளவைதான்.

“பாட்டிலையும் பறிமுதல் பண்ணப் போறியளோ?” என்றாள் செண்பகம்.

“மூணு பாட்டில் குடிச்சா மூணு லிட்டர் ஆகாதுன்னு சொல்ல வந்தேன்.”

“அப்பம் நாலாவதுல ரெண்டு மடக்கு சேத்துக் குடிங்க. சின்னவ கணக்குப் பாக்க மாட்டா.”

சின்னவள் என்று அவள் குறிப்பிடுவது என் அடிவயிற்றின் வலப்புறத்தில் உள்ள சிறுநீரகத்தை. என்னுடைய இரண்டும் செயலிழந்தபோது அவள் தந்தது. எங்களுக்கு ஒரே மகள், நிறைமதி. ஓசூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பெரியவள் என்றும் இதைச் சின்னவள் என்றும் அழைப்பது செண்பகத்தின் வழக்கம். நான் அப்படி அழைப்பதில்லை. ஓர் உறுப்புக்கு அதன் பெயரே போதும்.

அலுவலக மின்தூக்கி பழுது. இரண்டாம் மாடிக்குப் படியேறும்போது திருப்பத்தில் சற்று நிற்க வேண்டியதாயிற்று. வாயு.

பிப்ரவரி 6, வியாழன்

மீண்டும் வாயு. ஓமத் தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிகழும் பரிசோதனை. கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஏழு. சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு இது; சிறுநீரகம் தளர்ந்தால் இந்த எண் ஏறும். முழு நலமுள்ளவருக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். எனக்கு ஆறு ஆண்டுகளாக ஒன்று புள்ளி ஏழிலேயே நிற்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட நான் யாரையும் அனுமதிப்பதில்லை.

சிறுநீரக மருத்துவர் மெர்சி ஜெபராணி, வேறு தொந்தரவு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“டாக்டரம்மா, படி ஏறுனா பாதியில நிக்காங்க,” என்றாள் செண்பகம். “கேட்டா வாயுங்காங்க. மார்க்கெட்டுக்கு நடந்து போயி வந்தா சட்டையெல்லாம் வேர்வை. மாசி பொறக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன வேர்வை?”

“சார், வாயுன்னு யாரு சொன்னா?”

“நானே அனுமானித்தேன்,” என்றேன்.

“அனுமானம் பண்றதுக்கு நாங்க சம்பளம் வாங்குறோம்.”

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் மெர்சி அதை நெடுநேரம் பார்த்தார். தரைத்தளத்தில் உள்ள இருதயப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

பிப்ரவரி 12, புதன்

இருதய மருத்துவர் கமாலுத்தீன் என்னை டிரெட்மில் என்ற ஓடும் பட்டையின்மேல் நடக்கவைத்தார். முழு நேரம் முடியுமுன் தாமே நிறுத்திவிட்டார். நான் நிறுத்தச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

“ஆஞ்சியோ பாக்கணும் சார். இருதயத்துக்குப் போற குழாய்ல எங்கயோ அடைப்பு இருக்கு.”

“அதற்குச் சாய மருந்து செலுத்துவீர்கள் அல்லவா?”

“டை இல்லாம குழாய் படத்துல தெரியாதே.”

“எத்தனை மில்லி?”

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். “இத்தனை வருசத்துல இதை மில்லியில கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

அந்தச் சாயம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டும் என்பதை நான் அறிவேன். தளர்ந்த சிறுநீரகத்தை அது மேலும் தளர்த்தக்கூடும். சிலருக்குச் சில நாட்களில் சீராகிவிடும். சிலருக்கு ஆகாது. இதைச் சொல்லி, எழுத்துமூலமான கருத்துரை கேட்டேன். அவர் எழுதித் தந்தது: ‘சிறுநீரகப் பிரிவு அனுமதிக்குமானால் ஆஞ்சியோ செய்யலாம்.’

வரும் வழியில் பேருந்து நிலையத்தில் செண்பகம், “வாயு!” என்றாள், தனக்குத்தானே.

பிப்ரவரி 14, வெள்ளி

சிறுநீரகப் பிரிவுக் கூடத்தில் கோவில்பட்டியைச் சேர்ந்த ஒரு லாரி உரிமையாளர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கேட்காமலே சொன்னார்: “டை போட்டு ஸ்கேன் எடுத்தாங்க சார். அதோட கிட்னி அவுட்டு. இப்பம் வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ் மிசினுக்கும் எனக்கும் குடித்தனம்.” சிரித்தார். இடக்கையில் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த நரம்பை நான் அடையாளம் கண்டுகொண்டேன். என் கையிலும் அது உண்டு. பதினோர் ஆண்டாகியும் முழுக்கைச் சட்டையைத் தவிர வேறு நான் அணிவதில்லை.

உள்ளே சென்று டாக்டர் மெர்சியிடம் அதைச் சொன்னேன்.

“அவர் எல்லாருக்கும் சொல்லுவார். முதுகுவலிக்கு ஆறு மாசம் வலி மாத்திரை. அதுக்கு மேல வயித்துப்போக்கு, ஒடம்புல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அந்த நிலைமையில எங்கயோ அவசரமா டை போட்டு ஸ்கேன். இங்க வந்து சேந்தப்ப பழி முழுக்க டை மேல.” பேனாவை மூடி வைத்தார். “டை அப்பாவின்னு நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா அது பெரும்பாலும் தனியா வந்து திருடாது. கூட்டாளி வேணும். வறண்ட ஒடம்பு ஒரு கூட்டாளி. வலி மாத்திரை ஒண்ணு. அளவுக்கு மேல ஊத்துறது ஒண்ணு. ஏற்கெனவே தளந்த கிட்னி ஒண்ணு. உங்ககிட்ட கடைசி ஆளு மட்டும் வீட்டுக்குள்ள இருக்கான். மத்தவங்கள வாசல்லயே நிறுத்திடலாம்.”

“நிறுத்திவிட்டால் ஆபத்து இல்லை என்று எழுதித் தருவீர்களா?”

“கொறையும்னு எழுதித் தரேன். இல்லைன்னு யாரும் எழுத மாட்டாங்க.”

அவர் எழுதியது: ‘இருதயப் பிரிவு அவசியம் எனக் கருதுமானால், உரிய முன்னெச்சரிக்கையுடன் ஆட்சேபணை இல்லை.’

இரண்டு குறிப்புகளையும் ஒரே உறையில் வைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

“எப்பம் ஆஞ்சியோ?” என்று செண்பகம் கேட்டாள்.

நிலைமையை விளக்கினேன். முதல் குறிப்பு இரண்டாம் பிரிவின் அனுமதிக்கு உட்பட்டது. இரண்டாம் குறிப்பு முதல் பிரிவின் கருத்துக்கு உட்பட்டது. இரண்டும் நிபந்தனை உத்தரவுகள். நிபந்தனை நிறைவேறாத வரை எதுவும் நடைமுறைக்கு வராது. இருபத்தாறு ஆண்டுப் பணியில் இத்தகைய கோப்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவை நிலுவையில் இருக்கும். எவர்மீதும் தவறு இல்லை.

“ஒரே கட்டடத்துல மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். நடுவுல நீங்க கோப்பு.”

“நடைமுறை அப்படி.”

“நல்ல நடைமுறை,” என்று சொல்லிவிட்டு அடுப்பில் இருந்ததைக் கிளறப் போனாள். கரண்டிச் சத்தம் வழக்கத்தை விட அதிகம்.

ஒப்புக்கொள்ள வேண்டியது: இரண்டு குறிப்புகளும் உறையில் சேர்ந்த நாளிலிருந்து மனம் ஒருவாறு அமைதியாக இருக்கிறது.

வாயு, இரு முறை. ஒன்று படுத்திருக்கும்போது.

பிப்ரவரி 20, வியாழன்

டவுனில் அரிசிக் கடைகளில் ஆய்வு. மூன்றாம் கடையில் எடைக்கல்லைத் தூக்கும்போது கல் கையில் இருக்கிறதா என்பது தெரியவில்லை. கடைக்காரர் சுடலையாண்டி அதை என்னிடமிருந்து வாங்கி வைத்தார்.

“ஆபீசரையா, தராசு எங்கயும் ஓடிராது. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. மொதல்ல ஒக்காருங்க.”

அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்தேன். அவர் ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

ஆய்வுக்குச் செல்லும் கடையில் தண்ணீர்கூட அருந்தலாகாது என்பது நானே எனக்கு விதித்துக்கொண்டு, பணிக்காலம் முழுவதும் காத்துவந்த விதி. இன்று மீறப்பட்டது. ஆகவே அந்தத் தராசை நான் சோதிப்பது முறையாகாது. வேறோர் ஆய்வாளரை அனுப்புமாறு குறிப்பெழுதினேன். சுடலையாண்டிக்கு வருத்தம். “சோடாவுக்காவா என் தராச வேண்டாங்கிய? கல்லு கரெக்டா இருக்கும்யா, பாத்துட்டுப் போங்க!” என்று வாசல் வரை வந்தார்.

ஜீப் ஓட்டுநர் மாசானத்திடம் இதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மாசானம் சொல்லிவிட்டான்.

காலையில் செண்பகம் காப்பி தரவில்லை. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன பயம் ஒங்களுக்கு? நேரா சொல்லுங்க.”

நேராகச் சொன்னேன். இந்தச் சிறுநீரகம் என்னுடையதன்று. என் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கெட்டுப்போகக்கூடிய ஒரு காரியத்துக்கு உட்படுத்தும் அதிகாரம் காப்பாளனுக்கு இல்லை.

“ஒங்க வயித்துல நான் அத வாடகைக்கா விட்டிருக்கேன்? குடுத்தாச்சு. குடுத்தா குடுத்ததுதான். பீரோல வச்சுப் பூட்டிக்கிட்டு, பட்டுச்சேல மாதிரி வருசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கவா குடுத்தேன்? ஆளு நடமாடணும்னு குடுத்தேன். ஆளே விழுந்துட்டா சின்னவ மட்டும் எந்திரிச்சு வந்து ரேசன் வாங்குவாளா?”

பதினோர் ஆண்டுக்கு முன் உறுப்பு தானத்துக்கான அங்கீகாரக் குழுவின் எதிரே அவள் அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. யாரேனும் வற்புறுத்துகிறார்களா என்று தலைவர் கேட்டார். “அவரு இல்லன்னா நான் யாருகிட்ட சண்ட போட?” என்றாள். தலைவர் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். செண்பகத்திடம் எஞ்சியிருப்பது ஒன்று. அதைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. இந்தச் சிறுநீரகம் கெட்டால், அடுத்து முன்வரப்போகிறவள் நிறைமதி. சென்ற பொங்கலுக்கு வந்தபோதே, அவளுடைய இரத்தப் பிரிவும் என்னுடையதும் ஒன்று என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னாள். பேச்சுவாக்கில் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. இருபத்து மூன்று வயது. அந்தப் பேச்சு மீண்டும் எழ நான் இடம் கொடுக்கமாட்டேன்.

காப்பி பதினொரு மணிக்குக் கிடைத்தது. சர்க்கரை இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மாத்திரை வாங்க வேண்டும் என்று செண்பகம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். என்னை இருதயப் பிரிவில் உட்காரவைத்துவிட்டு மேலே போனாள். திரும்பி வரும்போது அவளுடன் டாக்டர் மெர்சி படியிறங்கி வந்துகொண்டிருந்தார், கையில் பாதி கடித்த சப்பாத்திச் சுருளுடன்.

“சாப்பிடக்கூட விடல ஒங்க மனைவி,” என்றார் என்னிடம்.

கமாலுத்தீனின் அறைக் கதவைச் செண்பகமே திறந்தாள். “டாக்டர், அவங்க நீங்க சொன்னா சரிங்காங்க. நீங்க அவங்க சொன்னா சரிங்கிய. இவுக ரெண்டையும் கவருல போட்டு வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்காங்க. இப்பம் ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பேசிக்கிடுங்க. நான் வெளிய போவ மாட்டேன்.”

இரு மருத்துவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். குறிப்புகளை வாங்கிப் படித்த கமாலுத்தீன் தலையில் கைவைத்துச் சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, “பன்னெண்டு நாள் போயிருச்சே சார்,” என்றார். அந்தக் குரலில்தான் நான் நிலைமையைப் புரிந்துகொண்டேன்.

அதன்பின் விரைவாக முடிந்தது. முந்தின நாள் மாலையே சேர்த்து, நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவது. நீரைப் பிரிக்கும் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாள் நிறுத்துவது. வலிக்கு எந்த மாத்திரையும் தருவதற்கில்லை. குழாயை இடப்பக்கத் தொடை வழியாகச் செலுத்துவது. வலப்பக்கம் கூடாது, அங்கே சிறுநீரகம் இருக்கிறது. சாயத்தின் அளவு?

“அறுபதுக்கு மேல வேண்டாம்,” என்றார் மெர்சி.

“அடைப்பு இருந்து ஸ்டென்ட்டும் வைக்கணும்னா?”

“அறுபது.”

“ஜவுளிக்கடைக்காரன் மாதிரி முழம் முழமா வெட்ட வேண்டியதுதான்,” என்று கமாலுத்தீன் ஒரே தாளில் எழுதினார். இருவரும் கையொப்பமிட்டனர். தாளை வாங்கி இருமுறை படித்தேன். ‘அனுமதிக்குமானால்’ இல்லை, ‘கருதுமானால்’ இல்லை. தேதி குறித்திருந்தது. குறை காண முடியவில்லை.

“போதுமா?” என்றாள் செண்பகம்.

“உத்தரவு முறையாக உள்ளது,” என்றேன்.

பிப்ரவரி 26, புதன். மருத்துவமனை

அலுவலகப் பொறுப்பை ஒப்படைத்தேன். முத்திரைக் கருவிகளை எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் பெற்றேன்.

கட்டிலருகே உப்புநீர் சொட்டுகிறது. செண்பகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். மருத்துவமனைக்குக் கீரை எதற்கு என்று செவிலி கேட்டதற்கு, “கைக்கு வேலை வேணும்மா. இல்லன்னா இவுகளத் திட்டிக்கிட்டே இருப்பேன்,” என்றாள்.

நாளைக்குமுன் பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு திருத்தம்.

இந்த நாட்குறிப்பில் பிப்ரவரி 3, 6, 17 ஆகிய தேதிகளில் ‘வாயு’ என்று காணப்படுவதை ‘நெஞ்சு வலி’ எனத் திருத்தி வாசிக்கவும். பிப்ரவரி 20 அன்று கல் கையில் இருப்பது தெரியவில்லை என்ற இடத்தில், ‘இறந்துவிடுவேன் என்று நினைத்தேன்’ எனச் சேர்த்துக்கொள்ளவும். ஜனவரியில் எழுதாமல் விட்டவையும் உண்டு.

செண்பகம் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று நிகழ்ந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

மேசையில் படுக்கவைத்தார்கள். நினைவு முழுமையாக இருந்தது. தொடையில் மரத்துப்போகும் ஊசி மட்டும். சாயம் உள்ளே செல்லும்போது உடலெங்கும் ஒரு வெப்பம் பரவும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பரவியது. சங்கடமான ஒரு வெப்பம். படுக்கையை நனைத்துவிட்டேனோ என்று ஐயம் வந்தது. இல்லை என்றார் செவிலி. அவர் ஒவ்வொரு முறையும் சாயத்தின் மொத்த அளவை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது நான் வைத்த வேண்டுகோள். “எட்டு.” “பதினாலு.” “இருபத்தொண்ணு.” அவருடைய குரல் கேட்கக் கேட்க எனக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது.

“முப்பத்திரண்டு,” என்றபோது கமாலுத்தீன் திரையிலிருந்து திரும்பினார்.

“சார், முன்பக்கம் போற பெரிய குழாய். தொண்ணூறு சதவீதம் அடைச்சிருக்கு. ஸ்டென்ட் வைக்கணும். எவ்வளவு சிக்கனமா பண்ணாலும் அறுபதைத் தாண்டும். எழுபது, எழுபத்தஞ்சு ஆகலாம். இல்ல, இப்ப நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வரலாம். ஆனா இந்தக் குழாயோட உங்கள வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல.”

“உத்தரவு அறுபதுக்கு,” என்றேன். “திருத்துவதானால் இருவரும் சேர்ந்து திருத்த வேண்டும்.”

முகமூடிக்குமேல் கண்கள் மட்டும் தெரிந்தன; அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. செவிலி டாக்டர் மெர்சியை அழைத்து, நிலைமையைச் சொல்லி, கைபேசியை என் காதருகே பிடித்தார். டாக்டர் மெர்சியின் குரல்: “கேட்டேன் சார். எனக்குச் சம்மதம். கிட்னி அடி வாங்கலாம், எழுந்திரிச்சும் வரும். நல்லா தண்ணி ஏத்தியிருக்கோம். ஆனா முடிவு உங்களுது. உத்தரவு போட வேண்டிய இடத்துல இப்ப நீங்கதான் இருக்கீங்க.”

ஐம்பது வயதில் இப்படியோர் இடத்தில் நான் இருந்ததில்லை. எனக்குமேல் ஒரு விதி எப்போதும் இருந்தது.

“வெளியே என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்,” என்றேன்.

செவிலி போய் வந்தார். வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். “சின்னவகிட்ட நான் பேசிக்கிடுதேன், அவுகள வேலையப் பாக்கச் சொல்லுன்னாங்க. சின்னவன்னா யாரு சார்?”

“தொடருங்கள்,” என்றேன் மருத்துவரிடம்.

செவிலி எண்ணிக்கொண்டே போனார். “ஐம்பத்தெட்டு.” பின்பு, “அறுபத்தி மூணு.” நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. எழுபத்து நான்கில் முடிந்தது. வரம்பு மீறல் பதினான்கு மில்லி. பொறுப்பு என்னுடையது.

மார்ச் 1, சனி

கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்று.

நெஞ்சு வலி இல்லை. ஆண்டுக்கணக்கில் தலையில் சுமந்த ஒன்றை இறக்கியது போல இருக்கிறது. அதை மகிழ்ச்சி என்று எழுத இது தருணமன்று.

மார்ச் 2, ஞாயிறு

இரண்டு புள்ளி ஆறு. சிறுநீர் குறைந்திருக்கிறது. அளக்கும் பிளாஸ்டிக் குடுவையின் கோடுகள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. செண்பகம் மருந்துக்கடையில் வேறொன்று வாங்கி வந்தாள். அதிலும் குறைவாகவே இருந்தது.

நிறைமதி ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். கட்டிலருகே நின்று என் இடக்கையின் பழைய நரம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்பா, ஒருவேளை இது சரியாகலன்னா நான்...”

“அந்தப் பேச்சு வேண்டாம்,” என்றேன். என் குரல் இவ்வளவு உயரும் என்று நான் எண்ணவில்லை. எதிர்க் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏட்டி,” என்றாள் செண்பகம், ஆரஞ்சு உரித்துக்கொண்டே, “மொதல்ல ஒழுங்கா சாப்பிட்டு ஒன் ஒடம்ப ஏத்து. எலும்பும் தோலுமா நிக்கவ கிட்ட எடுக்கதுக்கு என்ன இருக்கு? இவுகளுக்கு ஒண்ணும் ஆவாது. சின்னவளுக்குக் கொஞ்சம் கோவம். அம்மா பிள்ளைல்லா, ரெண்டு நாளைக்கு மேல வச்சுக்கிட மாட்டா.”

நிறைமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெளியே போனாள். செண்பகம் உரித்த ஆரஞ்சை யாருக்கும் தராமல் கையிலேயே வைத்திருந்தாள்.

மார்ச் 3, திங்கள்

இரண்டு புள்ளி ஒன்பது.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு புள்ளி ஒன்பது. ஏறவில்லை. டாக்டர் மெர்சி, “ஏறாததும் ஒரு செய்திதான்,” என்றார். அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து நான் பார்த்தது இதுவே முதல் முறை.

இயந்திரத்துக்கு நாள் குறிப்பீர்களா என்று கேட்டேன். தேவைப்பட்டால் குறிப்பேன், நாளை வரை பார்க்கலாம் என்றார்.

தேவைப்பட்டால், வாரம் மூன்று நாள், நான் போவேன். முன்பும் போயிருக்கிறேன். எத்தனை ஆண்டாயினும் நிறைமதியிடம் வாங்கமாட்டேன். இது நிபந்தனையற்ற உத்தரவு. கையொப்பம் ஒன்றே போதும்.

மார்ச் 5, புதன்

குடுவை நிரம்பியது. செண்பகம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாத்தியளா!” என்றாள், வார்டு முழுவதும் கேட்கும்படி. கண்ணியக் குறைவான செயல். நான் தடுக்கவில்லை.

இரண்டு புள்ளி ஆறு.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு புள்ளி இரண்டு. வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் கோவில்பட்டி லாரி உரிமையாளரைக் கண்டேன். டை போட்டார்களா என்று கேட்டார். போட்டார்கள் என்றேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அருகில் அமர்ந்து, தண்ணீரும் வலி மாத்திரையும் குறித்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “இத அன்னைக்கு எவனும் சொல்லலியே சார்,” என்றார். அன்று அவர் சிரித்தது போல இன்று சிரிக்கவில்லை. தம்பி மகனுக்கு அடுத்த வாரம் ஸ்கேன் இருப்பதாகவும் போன் செய்து சொல்வதாகவும் கூறினார். நான் எழுந்திருக்குமுன்பே போனை எடுத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

நிறைமதி ஓசூருக்குத் திரும்பினாள். பேருந்தில் ஏறும்போது, “நான் சொன்னது சொன்னதுதான்ப்பா,” என்றாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பது ஆராய்ச்சிக்கு உரியதன்று.

மார்ச் 24, திங்கள்

பணியில் சேர்ந்தேன். மின்தூக்கி இன்னும் பழுது. மெதுவாக ஏறினேன். திருப்பத்தில் நிற்கவில்லை. வாயு இல்லை, அதன் உண்மைப் பெயரும் இல்லை.

சுடலையாண்டியின் தராசு சரியாகவே இருந்ததாக மற்ற ஆய்வாளர் அறிக்கை அனுப்பியிருக்கிறார்.

மாலையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒன்று புள்ளி எட்டு. முன்பு ஒன்று புள்ளி ஏழு. புள்ளி ஒன்று, அதாவது பத்தில் ஒன்று, திரும்பவில்லை. இனித் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் மெர்சி தொலைபேசியில் கூறினார். அதைச் செண்பகத்திடம் மறைக்காமல் சொன்னேன்.

“பத்துல ஒண்ணா?” என்றாள். கைவேலையை நிறுத்தவில்லை. “போனா போவுது. ஆளு முழுசா வந்தாச்சுல்லா.” பின்பு, சற்றுப் பொறுத்து, என் வலப்பக்க அடிவயிற்றை நோக்கி, “ஏட்டி, கோவம் தீந்துதா?” என்றாள்.

“தீர்ந்துவிட்டதாம்,” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த விஷயத்தில் நான் பதில் சொன்னது இதற்குமுன் இல்லை.

அந்த அளவு குறைந்த பாட்டிலில் மூன்று முறையும், நாலாவதில் இரண்டு மடக்குக்குச் சற்று மேலும் குடித்திருக்கிறேன்.

சின்னவள்: ஒன்று புள்ளி எட்டு. அனுமதிக்கப்பட்ட பிழைக்குள். முத்திரை இடலாம்.